இசைத்தாளில் ஒரு குறிப்பு

ஒரு பாடலை நாட்டுப்பாடல் என்று அழைப்பது அதன் இயல்பைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றினாலும், பல வேளைகளில் அது இயற்றியவர் யார் என்று தேடாமல் விட்டுவிட்டதை மறைக்கும் சொல்லாகவே இருக்கிறது. ஸ்பானிய மொழியின் புகழ்பெற்ற பாடல்களை இனங்காண முற்படும் எவரும் விரைவிலேயே இந்தச் சொல்லில் வந்து இடறிக்கொள்வர். பாமர மக்களின் வாயில் தானாகப் பிறந்தது என்று ஊரார் நம்பும் பாட்டைச் சற்றே துருவினால், அதன் அடியில் ஒரு மனிதரின் பெயரும் பிறந்த ஊரும் இறந்த ஆண்டும் கிடப்பது அங்கே அடிக்கடி நேர்கிறது.

இத்தகைய தடுமாற்றங்களுள் 1875இல் பாரிஸில் நிகழ்ந்த ஒன்று தனித்து நிற்கிறது. அவ்வாண்டு மார்ச் 3 அன்று மேடையேறிய 'கார்மென்' என்னும் இசைநாடகத்தில் நாயகி பாடும் 'ஹபனேரா'வுக்கு, ஹவானா நகரின் பெயரைத் தாங்கிய அந்தக் கியூப நடனப்பாட்டு வகைக்கு, இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே ஒரு ஸ்பானிய மெட்டைத் தழுவிக்கொண்டார். ஸ்பெயின் மண்ணை ஒருமுறையும் மிதித்திராத அவர் அதை நாட்டுப்பாடல் என்றே எண்ணியிருந்தார். அது பத்தாண்டுகளுக்கு முன் மறைந்த இசையமைப்பாளர் செபாஸ்தியான் இராதியேரின் 'எல் அரெக்லிதோ' என்று பிறர் சொல்லக் கேட்டதும், பாடகர்கள் பயில்வதற்காகக் குரல்வரிகளோடு பியானோச் சுருக்கமும் சேர்த்து அச்சிடப்படும் இசைப்பிரதியில், மெட்டு ஒரு ஸ்பானியப் பாட்டிலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். ஜூன் 3 அன்று, 36 வயதில், பிசேயும் இறந்துபோனார்.

நடந்தது இவ்வளவே, எனினும் அந்தக் குறிப்பு மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அதனால் பாட்டில் ஒரு சுரம்கூட இடம்பெயரவில்லை. சேர்ந்தவை சில சொற்கள் மட்டுமே, அவையும் பாடுவதற்கானவை அல்ல. அரங்கில் அமர்ந்திருப்பவர் காதில் அக்குறிப்பு ஒருநாளும் விழாது. கார்மெனாக நடிப்பவரும் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு, தாளை ஒப்பனை அறையிலேயே விட்டுவிட்டுத்தான் மேடைக்கு வருகிறார். காது வழியே பெற்றதைத் தாள் வழியே திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்ததாகுமா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் விடை இல்லை. 'அரெக்லிதோ' என்ற சொல்லுக்கே சின்னதோர் ஏற்பாடு, சிறு உடன்பாடு என்று பொருள் வருவது தற்செயல்தான் என்றாலும், இவ்விடத்தில் குறும்பாகப் படுகிறது.

பெயர் தெரியாமலேயே ஒரு பாட்டை இனங்காண முடியும் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. ஹபனேராவின் அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரங்களில் ஒரு நெடில், ஒரு குறில், பின்பு சமமான இரண்டு என்று நான்கு தட்டுகள் சலிப்பில்லாமல் சுழன்றுகொண்டே இருக்க, மேலே குரல் அவசரமின்றிப் படியிறங்குகிறது. அதே இராதியேரின் 'லா பலோமா', அதாவது 'புறா', என்ற பாட்டைக் கேட்டால், தொலைவில் நடந்துபோகிறவரை நடையை வைத்தே இன்னார் வீட்டுப்பிள்ளை என்று சொல்லிவிடுவதுபோல, இரண்டும் ஒரே குடும்பம் என்பதை அந்த நான்கு தட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய கைபேசிச் செயலிகள் சில நொடிகளில் பாட்டின் பெயரைச் சொல்கின்றன. ஆனால் அவை முதலில் காட்டுவது பாடியவர் பெயரையும் அந்தப் பதிவையும்தான், இயற்றியவரைத் தேட இன்னும் சில முறை திரையைத் தொடவேண்டும். பிசேயின் தாளுக்கும் இந்தத் திரைக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

எப்போதோ படித்துப் பாதி மறந்துபோன ஒரு கவிதையின் கருத்து இங்கே குறுக்கிடுகிறது. மக்கள் பாடாதவரை கோப்லா கோப்லாவாகாது, அவர்கள் பாடத் தொடங்கியபின் எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது, அதுவே எழுதியவரின் பெருமை என்ற பொருளில் அமைந்த அக்கவிதையை எழுதியவர் செவில் நகரத்துக் கவிஞர் மனுவேல் மச்சாதோ. கோப்லா என்பது ஸ்பெயினின் தெற்கே பெரிதும் பாடப்படும், பெரும்பாலும் நான்கடிகளில் முடிந்துவிடும் சிறுபாட்டு. மனுவேலும் அவருடைய தம்பியும் பெருங்கவிஞருமான அந்தோனியோவும் வளர்ந்த வீட்டில் இத்தகைய பாட்டுகள் தாள்களில் குவிந்துகொண்டிருந்தன. ஏனெனில் தந்தையார் நாட்டார் வழக்காற்றைச் சேகரிப்பதையே வாழ்நாள் வேட்கையாகக் கொண்டவர், 1881இல் ஃப்ளமெங்கோ பாட்டுகளின் தொகுப்பை வெளியிட்டவர். அப்போது மனுவேலுக்கு ஆறேழு வயது. ஊராரின் பாட்டை ஏட்டில் ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு, பாட்டு என்றாலே ஆள் பெயர் இல்லாமல் வாசல்வழியே நுழைவது என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. தந்தையார் சூடிக்கொண்ட புனைபெயர் 'தெமோஃபிலோ', மக்களை நேசிப்பவர் என்று பொருள். பெயர் அழிவதே பெருமை என்று பாடிய மகனோ அந்தக் கவிதையைத் தம் சொந்தப் பெயரிலேயே அச்சிட்டார். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் எல்லோரும் பாடும் பாட்டில் தன் பெயர் இல்லையே என்று உறுத்தப்படுபவருக்கு அக்கவிதை ஆறுதல் அளிக்குமா என்பது ஐயத்துக்குரியது.

அந்த உறுத்தல் கற்பனையானதன்று. பெருவின் டானியல் அலோமியா ரோப்லெஸ் 1913இல் லிமாவில் அரங்கேறிய ஒரு சார்சுவேலாவுக்கு, அதாவது பேச்சும் பாட்டும் கலந்த ஸ்பானிய வகை இசைநாடகத்துக்கு, 'எல் கோண்டோர் பாசா' என்ற இசையை அமைத்தார். ஆண்டீஸ் மலையின் பெருங்கழுகு கடந்துசெல்வதைச் சொல்லும் பெயர் அது. பாரிஸில் லோஸ் இன்காஸ் என்ற குழுவினர் வாசிக்கக் கேட்ட அமெரிக்கப் பாடகர் பால் சைமன், அதை மலைநாட்டுப் பழம்பாட்டு என்று நம்பி, ஆங்கிலச் சொற்கள் புனைந்து, 1970இல் இசைத்தட்டாக வெளியிட்டார். பிசேயின் பிழை, ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அதே பாரிஸில் மீண்டும் முளைத்தது. ஆனால் இம்முறை இயற்றியவரின் மகனும் திரைப்பட இயக்குநருமான அர்மாந்தோ ரோப்லெஸ் கோடோய் உயிரோடிருந்தார். 1933லேயே அமெரிக்காவில் பதிவான உரிமையைக் காட்டி வழக்குத் தொடுத்தார். தவறு அறியாமையால் நேர்ந்தது என்பது விளங்கியதும் விவகாரம் பகையின்றி முடிந்தது. பின்னாளில் அந்த மகனே சைமனின் வடிவத்தை ஒட்டித் தந்தையின் மெட்டுக்கு ஸ்பானியச் சொற்கள் எழுதினார் என்பது இக்கதையில் வரும் அழகான திருப்பம்.

மகன் இருந்ததால் ரோப்லெஸுக்குப் பெயர் மீண்டது, இராதியேருக்குத் தாளில் ஒரு குறிப்பு கிடைத்தது என்று இதை முடித்துவிடலாம். ஆயினும் ரோப்லெஸ் மலையூர்களில் சுற்றிப் பழைய மெட்டுகளைத் தேடித்தேடிக் குறித்துவைத்தவர். தம் இசையில் எந்த இழை யாருடைய குழலிலிருந்து வந்தது என்று அவரும் குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தால் எங்கே நிறுத்தியிருப்பார்? இராதியேரும் கியூபாவுக்குப் போய் அந்தத் தாளத்தைக் கேட்டவர்தாம். அதுவோ, அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கலைஞர்கள் கைபட்டு உருவேறியது. அவர்களுள் ஒருவர் பெயரும் அந்தக் குறிப்பில் இல்லை. எல்லாப் பெயர்களையும் எழுத முனைந்திருந்தால் இசைப்பிரதியில் பாட்டுக்கே இடம் எஞ்சியிராது.

பெயர் தெரியாமல் முணுமுணுப்பவர் இராதியேருக்கு அநீதி இழைக்கிறாரா, அல்லது மச்சாதோ சொன்ன பெருமையை அவருக்கு அளிக்கிறாரா என்பதில் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. அச்சிட்ட தாளைப் புரட்டும்போது முதலாவதே உண்மை என்று படுகிறது. தாளை மூடி, அந்த நான்கு தட்டுகள் அடியில் சுழலத் தொடங்கியதும், அதில் அத்தனை உறுதி நிற்பதில்லை.