ஆற்றில் விட்டால் புண்ணியமா?

மச்சாவதாரக் கதையின் சத்தியவிரதனை மீன் வளர்ப்பவர்களின் ஆதி குரு என்று சொல்லலாம். பாகவதம் அவனைத் திராவிட தேசத்து மன்னன் என்கிறது. அவன் தர்ப்பணம் செய்த கிருதமாலையைத் தங்கள் ஊர் நதி என்று மதுரைக்காரர்கள் சொந்தம் கொண்டாடுவார்கள் (இன்று அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை). அள்ளிய கைநீரில் ஒரு மீன்குஞ்சு வந்து, பெரிய மீன்கள் தின்றுவிடும், காப்பாற்று என்றது. கமண்டலத்தில் விட்டான், ஒரே இரவில் இடம் போதவில்லை. அடுத்து பெரிய பாத்திரம், பிறகு நீர்நிலைகள், கடைசியில் கடல். அடைக்கலம் கொடுத்ததோடு அவன் வேலை முடியவில்லை. மீன் வளர வளர கடனும் வளர்ந்தது.

மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் இந்தக் கதைக்கு ஒரு சிக்கலான பின்பாதி இருக்கிறது. பகுதியின் வடக்கு எல்லை நெடுக ரிவியேர் தே பிரேரி ஆறு ஓடுகிறது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு விளையாட்டாக வாங்கிய கோல்ட் பிஷ் சில வருடங்களில் ஒரு சாண் நீளத்தைத் தொடுகிறது. தொட்டி பத்தவில்லை, தண்ணீர் நாறுகிறது. ஆறோ நடக்கும் தூரத்தில். கொண்டுபோய் விட்டால் மீனுக்கு விடுதலை, விட்டவருக்குப் புண்ணியம். சத்தியவிரதனும் அதைத்தானே செய்தான்?

கனடாவின் சட்டம் இதற்குச் சம்மதிக்காது. அந்நிய நீர்வாழ் உயிரினங்கள் குறித்த 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஒரு நீர்நிலைக்குச் சொந்தமில்லாத உயிரை அனுமதியின்றி அதில் விடுவது குற்றம். காரணம் இல்லாத கெடுபிடி அல்ல இது. கப்பியும் ஃபைட்டரும் அந்தக் குளிரில் நடுங்கிச் செத்துவிடும். கோல்ட் பிஷ் சாகாது. பனிக்கட்டிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்தாலும், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆல்பர்ட்டா மாகாணத்தின் உட் பஃபலோவில் 2015-இல் மழைநீர்க் குளங்களிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவு கோல்ட் பிஷ்கள் பிடிபட்டன. அதே மாகாணத்தின் செயின்ட் ஆல்பர்ட்டில் அவற்றை ஒழிக்கக் குளத்தில் நஞ்சே கலக்க வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு விட்ட மீனுக்காக, ஒரு குளமே பலியானது.

உயிர்களை விடுவித்துப் புண்ணியம் தேடுவது பௌத்தத்தில் பழைய வழக்கம். 2015-இல் பிரிட்டனின் பிரைட்டன் அருகே கடலில் அப்படி நூற்றுக்கணக்கான அமெரிக்க லாப்ஸ்டர்களையும் வேற்றுக்கடல் நண்டுகளையும் விட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றம் அபராதம் போட்டது. விட்டவர்களின் மனத்தில் கெடுதல் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. எண்ணம் சுத்தமாக இருந்தால் செயலும் சுத்தமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. மீன்தொட்டி வைத்தவர் அதைத் தினமும் சந்திக்கிறார்.

சோறு போடுவதையே எடுத்துக்கொள்வோம். வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். பசி தீர்ப்பதே ஜீவகாருண்யத்தின் முதல் வேலை என்றார். கோயில் குளத்து மீனுக்குப் பொரி வீசும் கையிலும் அந்த நினைப்பின் ஒரு துளி இருக்கிறது. தொட்டி மீன் எப்போதும் பசித்த முகத்தோடுதான் கண்ணாடியோரம் வரும். ஐந்து முறை போட்டாலும் ஐந்து முறையும் தின்னும். மிச்சமும் கழிவும் அம்மோனியாவாகி அதன் செவுளை எரிக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, அதுவும் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, போதும். இந்தக் கணக்கில் பார்த்தால், அளவு மீறிய அன்னதானம் கொலைக்குச் சமம்.

சுத்தமும் அப்படித்தான். சுத்தம் சோறு போடும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறைக்க நேரமாகும். புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்காக இருக்கும், மீன் மூன்றாம் நாளே மேலே வந்து வாயைப் பிளக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரின் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் வாங்குவதற்கு முன்பே தொட்டியை ஓடவிட்டு, சிறிது அம்மோனியா கொடுத்து, அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை வளர்த்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசினால், குடிநீரிலுள்ள குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே லேசாக அலசுவதுதான் முறை. மொன்றியலில் இன்னொரு தொல்லை: ஜனவரியில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியைப் போல வரும். வாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றும்போது வெந்நீர் கலந்து தொட்டி நீரின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆன்ட்டி-குளோரின் சொட்டுகள் விட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதைவிட வளர்க்காமலே இருந்தால் என்ன? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தது. கியூபெக் 2015 டிசம்பரில் தன் சிவில் சட்டத்தைத் திருத்தி, விலங்குகள் பொருள்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள் என்று எழுதியது. மீனுக்கு வலிக்குமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. ஆனால் உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட டிரவுட் மீன்கள் தீனியை மறந்து உதட்டைச் சரளையில் தேய்த்ததாக 2003-இல் லின் ஸ்னெடன் குழு காட்டிய பிறகு, வலிக்காது என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்வது நியாயம்.

அதே சமயம், சென்னை கொளத்தூர்ப் பண்ணையில் பிறந்த கப்பிக்குத் திரும்பிப் போக எந்த ஆறும் இல்லை. கோல்ட் பிஷ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் கையில் மாறி வந்த உயிர். இயற்கையிலிருந்து பிடித்து அடைப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் வாங்குகிற ஒவ்வொரு மீனும் அடுத்ததைப் பண்ணையில் பிறப்பிக்கிறது என்பதும் உண்மை. வாங்கியவரிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம்: அடுத்த பாத்திரம் தயாரா? பெரிய தொட்டியோ, குளம் வைத்திருக்கும் நண்பரோ, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையோ இல்லையென்றால், அந்த மீனை வாங்கியிருக்கக் கூடாது. முதன்முதலில் வளர்ப்பவர் அறுபது, எழுபது லிட்டர் தொட்டியில் ஆறு ஸீப்ரா டானியோக்களோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பாவம் குறையும்.

மீதிப் பாதி கடினமானது. குணமாகாத நோயில் கவிழ்ந்து கிடக்கும் மீனைக் கொல்லாமையை நம்புகிறவர் என்ன செய்வார்? அளவாகக் கலந்த கிராம்பு எண்ணெய்க் கரைசலில் மயங்கவிட்டு முடித்துவைப்பது கால்நடை மருத்துவர்கள் ஏற்கும் வழிகளில் ஒன்று. உயிரோடு கழிப்பறையில் விட்டு ஃப்ளஷ் செய்வதையும் பிரீசரில் வைப்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. கடைசி மூச்சுவரை காத்திருப்பதே தர்மம் என்பார் ஒரு சமணர். காத்திருப்பவருக்கு மனநிம்மதி, வேதனை மீனுக்கு என்று எதிர்க் கட்சி பேசும். இதில் தொட்டி வைத்த ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கிறார்கள், பெரும்பாலும் இரவு நேரத்தில், கடை சாத்திய பிறகு.