அளவெடுத்த அறை

இன்டீரியர் டிசைன் மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைப் புரட்டினால், கணினியில் வரைந்த பளபளப்பான வரவேற்பறைகளே பெரும்பாலும் வருகின்றன. அங்கே வசிக்கப்போவது யார் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிய ஓர் இடத்துக்கு, கொல்கத்தாவின் காளிகாட்டில், கோயிலை ஒட்டி நிற்கும் நிர்மல் ஹ்ருதயைப் பாருங்கள். யாத்ரீகர்கள் தங்கிய பழைய சத்திரம் அது. 1952இல் மாநகராட்சி தர, அன்னை தெரசா அதைச் சாகும் தறுவாயில் இருப்போருக்கான இல்லமாக்கினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள், வரிசையாகத் தாழ்வான கட்டில்கள். தாழ்ந்த கட்டிலிலிருந்து சரிந்தாலும் அடி குறைவு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே சோறூட்டலாம். கட்டடத்தைப் புதிதாக எழுப்பாமலே ஓர் இடத்தின் பொருளை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாணவரின் போர்ட்ஃபோலியோவிலும் இப்படிப் பயன் மாறும் ஒரு பழைய கட்டடம் இருக்க வேண்டும் என்றால், வேலை தருபவர்கள் படத்தைத்தானே முதலில் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். பார்க்கிறார்கள்தான். ஆனால் அழகான படத்தை மென்பொருள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தருகிறது. நாடா பிடித்து அளந்த கண்ணைத் தருவதில்லை. பழைய கட்டடத்தில் கற்பனைக்கு இடமேது என்பதும் சரியல்ல. தூணை நகர்த்த முடியாது என்ற இடத்தில்தான் வடிவமைப்பாளர் யோசிக்கத் தொடங்குகிறார். ஆகவே மாணவர் தம் ஊரிலேயே ஒரு பழைய கூடத்தை அனுமதி பெற்று அளக்கட்டும். பழைய பயன், புதிய பயன் இரண்டின் தரைப்படங்களையும் அருகருகே வைக்கட்டும். வேண்டாமென்று ஒதுக்கிய தரைப்படமும், சக்கர நாற்காலி எந்த மூலையில் திரும்பாததால் அதை ஒதுக்கினார் என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.