பெஞ்சில் விட்ட இடம்

அக்டோபர் 2

காவல் தூதர்களின் திருநாள். விடியற்காலைப் பூசைக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் வந்திருந்தோம். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், வலப்பக்கம் ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். சின்ன வயதுப் பழக்கம். உடம்பு இன்னும் மறக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது அது. "பக்கத்துல உங்க சம்மனசு உக்காந்திருக்காங்க, கொஞ்சம் தள்ளி இடம் விடுங்க." ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் நாங்கள். ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்தால், ஓரத்துப் பையனுக்குப் பாதி இடம்தான் மிஞ்சும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, விழாமல் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே இருப்பான். எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. சம்மனசுக்கு இடம் விட்டுவிட்ட நிம்மதி எங்களுக்கு.

இப்போது வானதூதர் என்கிறோம். பழைய செபங்களில் சம்மனசுதான். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு மனசு இருப்பது எனக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 3

இந்தத் திருநாளை 1608-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் அனுமதித்தார். 1670-இல் பத்தாம் கிளமெண்ட் அதை அக்டோபர் 2 என்று உலகத் திருச்சபை முழுவதற்கும் வைத்தார். நம்பிக்கையோ அதைவிடப் பழையது. திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தில், சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு கதவைத் தட்டுகிறார். பணிப்பெண் குரலை அடையாளம் கண்டு ஓடிவந்து சொல்கிறாள். வீட்டில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளை நம்பவில்லை, அது அவருடைய தூதராக இருக்கும் என்கிறார்கள். பேதுருவின் தூதர் வாசலில் நிற்கக்கூடும் என்பது அவர்களுக்கு இயல்பாக இருந்தது. பேதுருவே நிற்பதைத்தான் நம்ப முடியவில்லை. அவர் வெளியே தட்டிக்கொண்டே நின்றார்.

அதைப் படித்தபோது பெஞ்சு ஓரத்துப் பையன் நினைவுக்கு வந்தான்.

அக்டோபர் 4

நேற்று முன்தினம் வாசித்த நற்செய்தியை மறுபடி எடுத்தேன். மத்தேயு 18. சிறியவர்களின் தூதர்கள் எந்நேரமும் விண்ணகத் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இயேசு சொல்கிறார். காவல் தூதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வசனத்தைக் காட்டுவோம். ஆனால் உனக்கு ஒரு தூதர் இருக்கிறார், பயப்படாதே என்று தேற்றுவதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. சிறியவர் ஒருவரைக்கூட அற்பமாக நினைத்துவிடாதே என்ற எச்சரிக்கைக்குக் காரணமாகச் சொல்கிறார். அவர் சுட்டும் தூதர் என்னுடையவர் இல்லை. எதிரில் நிற்பவருடையவர்.

புனித ஜெரோம் இந்த வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது, பிறந்ததுமே ஒரு தூதரைப் பெறும் அளவுக்கு மனித ஆன்மாவின் மேன்மை எவ்வளவு பெரிது என்று வியக்கிறார். தாமஸ் அக்குவினாஸ் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். தூதர் வருவது திருமுழுக்கோடு அல்ல, பிறப்போடு என்கிறார். அப்படியென்றால் கோயிலுக்குள் காலே வைக்காதவருக்கும் ஒருவர் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கு? அது தாயோடு ஒன்றாயிருப்பதால் தாயின் தூதரே அதையும் காப்பார் என்கிறார். இறையியலில் இவ்வளவு தாய்மை நிறைந்த இடத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அக்டோபர் 6

தூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள், கால் கல்லில் மோதாது என்ற பொருளில் 91-ஆம் திருப்பாடல் பேசுகிறது. இயேசுவைச் சோதித்தபோது அதை அவரிடம் எடுத்துச் சொன்னவன் சாத்தான். கோவில் உச்சியிலிருந்து குதித்துக் காட்டச் சொன்னான். இயேசு குதிக்கவில்லை.

குழந்தையின் அடக்கத்தில் நின்றவர் எவரும் அந்தத் திருப்பாடலைச் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார். பெத்லகேமில் தூதர் கனவில் எழுப்பியது யோசேப்பை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வெட்டுண்டார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, செபம் மட்டும் இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் தந்தையின் முகத்துக்கு நேரே ஒருவர் நிற்கிறார். அவர்களுக்குச் செய்தது எதுவும் அந்தக் கண்களுக்குத் தப்பவில்லை.

அக்டோபர் 7

தோபித்து நூல். பார்வையிழந்த தோபித்து, மகன் தோபியாவின் பயணத்துக்கு வழித்துணை தேடுகிறார். வந்த ஆளிடம் குலம் விசாரிக்கிறார், நாளுக்கு ஒரு திராக்மா என்று கூலி பேசி முடிக்கிறார். அவர்கள் கிளம்புகிறார்கள், நாயும் கூடவே போகிறது. தாய் அழுகிறாள். நல்ல தூதர் ஒருவர் அவனோடு போவார், அழாதே என்று தோபித்து தேற்றுகிறார். கூலி பேசிய ஆளே வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஆளைத் தாழ்வாக நடத்தவில்லை. கூலியைச் சரியாகப் பேசினார், வழிச்செலவையும் ஏற்றுக்கொண்டார்.

காவல் தூதருக்கு நாமாகப் பெயர் சூட்ட வேண்டாம் என்று 2001-ஆம் ஆண்டு நாளிட்ட வத்திக்கான் ஏடு ஒன்று கேட்டுக்கொள்கிறது. மறைநூல் தரும் மிக்கேல், கபிரியேல், இரபேல் என்ற மூன்று பெயர்களே போதும். அதனால் என் தூதரின் பெயர் எனக்குத் தெரியாது. அதில் ஒரு குறையும் இல்லை. பெஞ்சு ஓரத்துப் பையனின் பெயரும் எனக்கு நினைவில்லை. அது குறைதான். வாராவாரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆண்டவரே, அவன் தூதர் என்னை மன்னிக்கட்டும்.

அக்டோபர் 8

காலையில் பஸ். மூன்று பேர் சீட்டில் நான் நடுவில். ஓரத்தில் இருந்தவர் சிமெண்ட் படிந்த சட்டையோடு வேலைக்குப் போகிறவர். பாதி உடம்பு வெளியே, ஒரு கால் நடைவழியில் ஊன்றியிருந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். என் மடிப் பை எங்களுக்கு நடுவே இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது.

பையை எடுத்துக் காலடியில் வைத்தேன். ஜன்னல் பக்கத்துக்காரரும் கொஞ்சம் நகர்ந்தார்.

"உள்ள வாங்கண்ணே, நல்லா உக்காருங்க."

அவர் காலை எடுத்து உள்ளே வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.