நிலைபேறும் பொறியியலாளனும்: புசல்லாவையை முன்வைத்து ஒரு நோக்கு

வெப்பவியக்கவியல் பயிலப் புகும் மாணவன் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது ஒரு கோடு வரைவதையே ஆகும். கொதிகலனாயினும் சுழலியாயினும், ஆராயப்படும் பொருளைச் சுற்றி அவன் ஒரு புள்ளிக்கோடு இடுகிறான். கோட்டுக்கு உள்ளே இருப்பது தொகுதி. வெளியே இருப்பதெல்லாம் சூழல். கோட்டைக் கடந்து உள்ளே வருவன எவை, வெளியேறுவன எவை என்று கணக்கிட்டாற் போதும்; வினைத்திறன் கிடைத்துவிடும். கோட்டை எங்கே இடுவது என்பதற்கு இயற்கை விதி எதுவும் இல்லை. கணிப்போனின் வசதியே விதி. பௌதிகத்தைப் பொறுத்தவரை இதில் தவறேதும் இல்லை. ஆயின், அதே மாணவன் நிலைபேறான உற்பத்தி பற்றிச் சிந்திக்கத் தொடங்கும்போது அப்புள்ளிக்கோடு வெறும் வசதி பற்றிய விடயமாக இருப்பதில்லை. எது செலவு, எது இழப்பு, யாருடைய உழைப்புக் கணக்கிற் சேரும், யாருடையது சேராது என்பவற்றை அது தீர்மானிக்கத் தொடங்குகிறது. அங்கே பொறியியல் அறவியலின் வாசலில் வந்து நிற்கிறது.

இயந்திரப் பொறியியல் பயில்வோர் இன்று இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த 1964ஆம் ஆண்டில் ‘நிலைபேறு’ என்னும் சொல் இன்றைய பொருளில் வழங்கவில்லை. 1987இல் வெளியான புறுண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னரே அது உலக வழக்காயிற்று. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதைத் தொடர்ந்து, சூழலையும் நிலைபேற்றையும் பற்றிய அறிவு பட்டதாரியிடம் இருந்தே ஆகவேண்டிய தகைமைகளுள் ஒன்றாகியுள்ளது. வரவேற்கத்தக்கதே. எனினும் ஒன்று கவனத்துக்குரியது. அவ்வறிக்கை எதிர்காலச் சந்ததியின் தேவைகளை மட்டும் பேசவில்லை. நிகழ்காலத்து வறியோரின் அடிப்படைத் தேவைகளுக்கே முதன்மை அளிக்கப்படவேண்டும் எனவும் கூறிற்று. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் முற்பகுதியை ஓதிவிட்டுப் பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். இன்னும் பிறவாத குழந்தைக்காகக் கவலைப்படுவது, பிறந்துவிட்ட குழந்தைக்காகக் கவலைப்படுவதிலும் எளிது போலும்.

இவ்வினாவைப் புசல்லாவையில் வைத்து நோக்குதல் பொருத்தமுடையது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் அமைந்த இவ்வூரின் மலைச்சரிவுகள், நிலைபேறின்மை யாது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டவை. காடழித்து நாட்டப்பட்ட கோப்பி, 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினால் ஓரிரு தசாப்தங்களுள் அழிந்தது. ஒரே பயிரை மலை முழுவதும் நாட்டியதன் விலை அது. புசல்லாவையின் றொத்சைல்ட் தோட்டத்தில் வொம்ஸ் சகோதரர் 1841ஆம் ஆண்டளவிலேயே சீனத் தேயிலையை நாட்டிப் பார்த்தனர். ஆனால் அது தொழிலாக வளரவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய முயற்சியே நிலைத்தது. டெய்லர் தொடக்கத்திற் பங்களா விறாந்தையில் மேசைமீது கைகளால் இலையை உருட்டுவித்தார். 1872இல் தாமே உருவாக்கிய உருட்டும் பொறியுடன் தொழிற்சாலை அமைத்தார். தேயிலையை ஒரு பெருந்தொழிலாக்கியதில் இயந்திரப் பொறியியலுக்கு இருந்த பங்கு பெரிது.

ஆயின் அவ்வியந்திரம் எவ்விடத்தில் நின்றது என்பதே ஊன்றி நோக்கற்பாலது. தொழிற்சாலைக்குள் உருட்டும் பொறி வந்தது, உலர்த்தி வந்தது, சலிக்கும் பொறி வந்தது. மலைச்சரிவிலோ அன்று பெண்ணின் விரல்கள் கொய்தன; பெரும்பாலும் இன்றும் அவையே கொய்கின்றன. சரிவின் செங்குத்தும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற தரக்கட்டுப்பாடும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அவை பொய்யல்ல. ஆனால் மலிவான உழைப்புக் கிடைத்தவரை எவரும் அத்தடைகளை வெல்ல அவசரப்படவில்லை என்பதும் பொய்யன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தியது. உரிமையற்றோர் உழைப்பை எளிதாக்க யார் பொறி சமைப்பர்?

இனித் தொழிற்சாலையின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. கொழுந்தின் நிறையில் முக்காற் பங்கு நீர். வாடவைக்கும் தொட்டிகளில் மணிக்கணக்காகக் காற்றூதி ஒரு பகுதி நீர் அகற்றப்படுகிறது; மீதி, நூறு பாகைக்கு அண்மித்த வெப்பக்காற்றினால் உலர்த்தியில் அகற்றப்பட்டு, இறுதியில் மூன்று வீதமளவு ஈரமே எஞ்சுகிறது. அவ்வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்து பெறப்படுகிறது. இங்கே பொறியியலாளன் செய்யக்கூடியது மிகப் பல. ஈரவிறகை எரித்தால், எரியும் வெப்பத்தின் ஒரு பகுதி அவ்விறகின் நீரையே ஆவியாக்குவதில் வீணாகும். ஆகவே விறகைப் பிளந்து கூரையின் கீழ் உலரவிடுதலே ஒரு பெரிய சேமிப்பு. காற்றூதியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது உண்ணும் மின்வலு ஏறத்தாழப் பாதியாகும். ஏனெனில் வலு வேகத்தின் மும்மடி வலுவுக்கேற்ப மாறுவது. இத்தகைய கணக்குகளை ‘வெறும் எண்கள்’ என்று இகழ்வோர் கலைப்பீடங்களிற் சிலர் உளர். அவர்கள் தவறிழைக்கின்றனர். ஒரு வருடத்தில் எரியாது எஞ்சும் விறகு, மலையில் வெட்டுப்படாது எஞ்சும் மரமே.

தொழிற்சாலையைச் சுற்றி இட்ட புள்ளிக்கோட்டைச் சிறிது மேலே நகர்த்தினால் லயம் வரும். அங்கேயும் அடுப்பெரிகிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பெண்கள் தலையிற் சுமந்து வந்த மிலாறு அதில் எரிகிறது. அதே தாவரம், அதே தகனம், அதே வெப்பவியக்க விதிகள். தொழிற்சாலை அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு, வெப்பமானி உண்டு, சக்திக் கணக்காய்வு உண்டு. லயத்துக் காம்பராவின் அடுப்புக்குப் பல இடங்களிற் புகைபோக்கிகூட இல்லை. வீட்டினுட் புகையால் நேரும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வரை இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஓரடுப்புப் பொறியியற் பிரச்சினையாகவும் மற்றையது ‘வாழ்க்கை முறை’யாகவும் கருதப்படுவதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. முதலாவதன் விறகுக்குக் கணக்கேட்டில் ஒரு நிரல் உண்டு. இரண்டாவதன் விறகுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

நீரின் கதையும் இத்தகையதே. தேசிய மின்வலைப் பின்னல் மலைக்கு வருமுன்னர், மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரே சுழலியைச் சுழற்றித் தொழிற்சாலையை ஓட்டியது. ‘சிறியதே அழகு’ என்னும் கருத்தை 1973இல் நூலாக்கிய சூமேக்கர், 1966இல் தாபித்த இடைநிலைத் தொழினுட்ப அமைப்பு பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து, கைவிடப்பட்ட இச்சிறு மின்னிலையங்களைப் புதுப்பிப்பதில் ஈடுபட்டது. அவ்வகையில் நிலைபேறான தொழினுட்பம் எனப்படுவது மலையகத்துக்குப் புதிதன்று. ஆனால் ஓடைநீர் தந்த ஒளி தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் சென்றபோது, லயங்கள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே நெடுங்காலம் இருந்தன. சிறியதாயினும் ஒரு பொறி தானாகவே நீதியுடையதாகிவிடாது. பெரியதும் அவ்வாறே. புசல்லாவையைக் கடந்து செல்லும் பாதையிலிருந்து கீழே நோக்கினால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் நிறைவெய்திய அத்திட்டத்தின் மின்னிலையம் 201 மெகாவாற் வலுவுடையது. புகையற்ற மின்சாரம். அதற்காக மூழ்கிய வயல்களும் விகாரைகளும், பெயர்ந்து சென்ற சிங்களக் கிராமத்து உழவரும் எந்த வினைத்திறன் சூத்திரத்திலும் இடம்பெறுவதில்லை. எல்லைக்கோடு ஓரினத்தாரை மட்டும் வெளியே தள்ளுவதன்று என்பதை மலையகத்து மாணவன் மறவாதிருத்தல் நன்று.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கோடு இடாமற் கணக்கே இல்லை. உலகனைத்தையும் தொகுதிக்குள் அடக்கினால் எதையும் அளக்கவியலாது. பொறியியலாளன் தன் பணியைச் செய்யட்டும், நீதியை அரசியலாரும் தொழிற்சங்கத்தாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பர். இவ்வாதத்தின் முற்பகுதி முற்றிலும் உண்மை. கோடு தவிர்க்கவியலாதது. ஆனால் தவிர்க்கவியலாதது என்பதனால் அது பொறுப்பற்றதாகிவிடாது. எதை உள்ளே எடுத்தேன் என்று எழுதுபவன், எதை, யாரை வெளியே விட்டேன் என்பதையும் அறிக்கையின் அதே பக்கத்தில் எழுதலாம் அல்லவா? அதற்கு மேலதிகக் கணிதம் எதுவும் வேண்டியதில்லை; நேர்மையே வேண்டும்.

இவ்வாறு தன் கோட்டைத் தானே அழித்து மீள வரைந்த ஒரு பொறியியலாளர் இந்நாட்டில் இருந்தார். கேம்பிரிட்ஜிற் கற்ற ரே விஜேவர்தன (1924-2010) 1950களில் ‘லாண்ட்மாஸ்டர்’ என்ற இருசில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். பொறி என்ற அளவில் அது வெற்றியே. ஆனால் அயனமண்டல மண்ணுக்கு அத்தகைய உழவு தேவைதானா என்ற வினாவை அவர் பின்னர் எழுப்பினார். பொறியைச் சுற்றியிருந்த கோடு மண்ணையும் உழவனையும் உள்ளடக்கியபோது விடை மாறிற்று. மண்காக்கும் வேளாண்மைக்கும், சீமைக்கிளுவை விறகிலிருந்து மின்சாரம் பெறுவதற்கும் அவர் பின்னாளில் உழைத்தார். தன் புகழுக்குக் காரணமான பொறியையே கேள்விக்குட்படுத்துவது எளிதன்று.

எதிர்மாறான உதாரணம் அண்மையது. 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில், சேதன வேளாண்மையின் பெயரால் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவளவுக்கு இறங்கியது. எரிபொருட் பஞ்சமும் அதற்குத் துணைபோயிற்று. நோக்கம் நல்லதா என்பதன்று இங்கே வினா. கொழுந்து குறைந்த மலையில், நாட்கூலிக்குரிய கிலோக் கணக்கை எட்டமுடியாது நின்றவளை அத்திட்டத்தின் கோடு உள்ளடக்கியதா என்பதே வினா. இல்லை.

வேறு சிலர், தோட்டத்து மக்கள் குறைவாகவே நுகர்கின்றனர், ஆகவே அவர்களே நிலைபேறான வாழ்வுக்கு முன்மாதிரி என்று புகழ்வதுண்டு. இதைவிடக் கொடிய புகழ்ச்சி இருக்கமுடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்வது சிக்கனமன்று. விரும்பித் துறந்தவனது எளிமைக்கும், துறப்பதற்கு எதுவுமே அளிக்கப்படாதவனது வறுமைக்கும் வேறுபாடு உண்டு. கரிக் கணக்கில் அவ்விரண்டும் ஒரே எண்ணாகத் தோன்றலாம் என்பது அக்கணக்கின் குறை.

கணித ஆசிரியர் அருமையாகவே கிடைக்கும் தோட்டப் பாடசாலைச் சூழலிலிருந்து ஒருவன் அல்லது ஒருத்தி பொறியியற் பீடத்தை எட்டுவது இன்றும் பெருநிகழ்வே. அவ்வாறு எட்டியவர் தம் மக்களுக்கே உழைக்கக் கடமைப்பட்டவர் என்று மேடைகளிற் கூறப்படுகிறது. கொழும்பிலிருந்து வரும் மாணவனிடம் எவரும் கேளாத கடனை இவரிடம் மட்டும் கேட்பது நீதியன்று. வெளிநாடு செல்லவும், வானூர்தி இயந்திரம் வடிவமைக்கவும், மலையை மறக்கவுங்கூட அவருக்கு உரிமை உண்டு. ஆயின் உரிமை வேறு, அறிவு வேறு. கோட்டின் இருபுறத்திலும் இருந்து பார்த்தவர் அவர். உலர்த்தியின் உள்வெப்பநிலையை அளக்கவும் அறிவார். அவ்வுலர்த்திக்கு வந்த கொழுந்து எந்த மேட்டிலிருந்து இறங்கியது என்பதையும் அறிவார். அறியாதவனின் கணக்கில் ஒரு நிரல் விடுபட்டால் அது கவனக்குறைவு. அறிந்தவரின் கணக்கில் அது விடுபட்டால் அதனை வேறொரு பெயரால் அழைக்கவேண்டியிருக்கும்.

கொய்யும் இயந்திரம் இப்போது இலங்கைத் தோட்டங்களை மெல்ல எட்டிப் பார்க்கிறது. ஜப்பானில் அது நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. இங்கோ, தோட்டங்களில் ஆட்பற்றாக்குறை பேசப்படும் காலத்திலேயே அதன் பேச்சும் வலுத்துள்ளது. கொய்பவளின் முதுகுவலி அதனை வரவழைக்கவில்லை. அதனை எவர் இயக்குவர், எவர் வேலையிழப்பர் என்பன விரைவில் எழப்போகும் வினாக்கள். அதற்கிடையே, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் ஒருவருக்கு மிகச் சிறிய கணக்கொன்று காத்திருக்கிறது. ஒரு பெண் 20 கிலோக் கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு இறங்குகிறாள். அதில் 15 கிலோவுக்கு மேற்பட்டது நீர். தொழிற்சாலை அந்நீரைக் காற்றாலும் விறகாலும் வெளியேற்றும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை கிலோயூல் என்று ஏட்டிற் பதிவாகிறது. அதே நீரை அவள் சரிவின் வழியே சுமந்த வேலைக்கு இன்னும் ஒரு நிரலும் இல்லை. சரிவின் கோணம், மடுவத்துக்குள்ள தூரம், சுமையின் நிறை, நாளொன்றுக்கு எத்தனை நடை ஆகிய நான்கையும் ஒரு நாடாவும் ஒரு தராசும் கொண்டு ஒரே நாளில் அளந்துவிடலாம்.