மீட்டரும் பெடலும்

புதுக் கார் கடை வாசலைத் தாண்டியவுடனேயே விலை இறங்கிவிடும், ஆகவே பாவித்ததை வாங்குவதே புத்தி என்று உலகமெங்கும் சொல்வார்கள். கொழும்பில் அந்தக் கணக்கு ஓடவில்லை. 2020 மார்ச்சில், கொரோனாவும் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்து வந்த நேரம், அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதத்துக்குத்தான் என்று நினைத்தோம். தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், நாலு வருடம் ஓடி, பம்பர் உரசி, சீற் உறை கிழிந்த வாகன்ஆர் காரை வாங்கிய காசுக்கு மேலே விற்றவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். காரை விற்றுப் பிள்ளையை அவுஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பியவர்களும் உண்டு. அடகுக் கடைக்குப் போகாத நகை மாதிரி அது வாசலில் நின்று விலை ஏறிக்கொண்டிருந்தது.

தடை நீங்கினால் விலை விழும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். விழவேண்டிய அளவுக்கு அது விழவில்லை. 2020 தொடக்கத்தில் டொலர் 180 ரூபாய்ப் பக்கம் நின்றது. தடை நீங்கிய 2025 இல் திரும்பிப் பார்க்கையில் 300. அதற்கு மேலே சுங்க வரி, சுங்க வரிக்கு மேலே 50 வீத மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 வீத வற். காரைச் செய்தவனுக்குப் போவது ஒரு பங்கு, நம் திறைசேரிக்குப் போவது இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கு எந்த பெற்றோலில் ஓடுகிறதோ!

நாங்கள் வெள்ளவத்தையில், அம்மா கொட்டாஞ்சேனையில். நடுவில் 155 பஸ். அந்த பஸ்ஸின் படி அம்மாவின் முழங்காலுக்கு இப்போது எட்டுவதில்லை. ஓட்டோவுக்கு மாதாமாதம் கொடுக்கும் காசைக் கேட்ட அத்தான், "பேசாமல் ஒரு காரை எடுமன்" என்றார். "எடுத்தால் புதுசா எடும். பழசு எடுத்தால் கராஜ்காரன்ர பிள்ளையளுக்கு நீர்தான் ரியூசன் காசு கட்டவேணும்."

அத்தான் சொல்லும் புதுசும் அப்படியொன்றும் புதுசில்லை. சீனாவின் மின்சாரக் கார்கள் வந்தபிறகு கொஞ்சம் மாறியிருந்தாலும், இங்கே நடுத்தரக் குடும்பம் புதுசு என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ரீகண்டிஷன்தான். யப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடம் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. செலவு பிடிக்கும் வேலை. அதற்குப் பயந்து பலர் காரை மாற்றிவிடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓடுகிறவர்கள். அவர்கள் கைவிட்டது நமக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கப்பலேறலாம். கூடவே ஓர் ஏலத் தாளும் வரும். 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும். அடிபட்டுத் திருத்தியதென்றால் 'ஆர்'. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத அந்த யப்பானியத் தாளை நம்புகிறோம். பக்கத்து ஒழுங்கையில் காரைக் கண்ணெதிரே பத்து வருடம் கழுவிய மனிதர் சொல்வதை நம்பத் தயங்குகிறோம்.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரிடம் கேட்டேன். "மீட்டரப் பாக்காதீங்க சேர், லெப்டொப்பச் சொருகிக் கொறச்சிருவாங்க. பெடல் ரப்பரப் பாருங்க, ஸ்டியரிங் தோலப் பாருங்க, டிரைவர் சீட்டு ஓரத்தப் பாருங்க" என்றார். நாற்பதாயிரம் கிலோமீற்றர் என்று மீட்டர் சொல்லும். பிரேக் பெடலோ வழுக்கை விழுந்து கிடக்கும். பொனற் ஆணிகளில் பெயின்ற் வெடித்திருந்தால் எப்போதோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஹைபிரிட் என்றால் கம்ப்யூட்டரில் மாட்டி பற்றரியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. வரி குறைவென்று ஒரு காலத்தில் வந்து குவிந்த நிசான் லீஃப் கார்களில், பற்றரி நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் எத்தனை மிச்சமென்று முதலில் எண்ணவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "வெள்ளவத்தக் காருன்னா கீழ படுத்துப் பாருங்க." மரைன் டிரைவ் ஓரம் வருடக்கணக்கில் நிறுத்திய கார்களைக் கடலின் உப்புக் காற்று அடியிலிருந்து தின்னும். மேலே பளபளவென்று இருக்கும். எங்கள் பகுதிக்காரர்களுக்கே தெரியாத விஷயத்தைக் கொட்டாஞ்சேனைக்காரர் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

விளம்பரங்களில் இந்த உப்பும் வழுக்கையும் இருப்பதில்லை. 'லேடி டொக்டர் பாவித்தது' என்பதுதான் இருக்கும். அவ்வளவும் உண்மையென்றால் கொழும்பின் பெண் வைத்தியர்கள் கார் விற்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று ஆகும்.

ஜோர்ஜ் அகெர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலமானது. 2001 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் ஒரு நடு விலைதான் தருவான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் எஞ்சுவது கழிவு. தர்க்கம் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: காரில் ஏதோ இருப்பதால்தான் மனிதன் அதை விற்கிறான் என்பது.

வெள்ளவத்தையில் கார் விற்கப்படுவது காரினால் அல்ல. 2022 ஏப்ரலில் நாடு வெளிக் கடனைக் கட்டமுடியாதென்று கைவிரித்தது. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது; காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதற்கு முந்தைய மாதங்களில் காலி வீதியில் புதுசும் பழசும் ஒரே வரிசையில் இரவு பகலாக நின்றன. அதே நேரம் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு இன்னொரு வரிசை. முதல் வரிசையில் நின்று அலுத்தவர்கள் இரண்டாவது வரிசைக்குப் போனார்கள். அவர்கள் போகும்போது விற்றவை நேரத்துக்கு ஒயில் மாற்றிய, ஒரு கையில் ஓடிய கார்கள். இங்கே பாவித்த கார் பார்க்கப் போகிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் விற்கிறீர்கள்?" என்பதுதான். "வெளிநாடு போறம்" என்ற பதில் வந்தால் ஏலத் தாளின் 4.5 ஐ விட எனக்கு அதில் நம்பிக்கை. விசா முத்திரையைக் காட்டச் சொல்வதுதான் கொஞ்சம் கூச்சம்.

கூச்சம் அதோடு நிற்பதில்லை. போகிறவனுக்கு அவசரம், நாள் குறித்தாயிற்று. அந்த அவசரம்தான் வாங்குபவனின் இலாபம். இது 2022 இல் தொடங்கியதுமல்ல. 1983 ஜூலைக் கலவரத்தில் இதே காலி வீதியில் தமிழரின் கார்களை மறித்து, அவற்றிலிருந்தே பெற்றோலை இழுத்து, அவற்றையே எரித்தார்கள். தப்பிய வீட்டையும் பொருளையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அம்மா இன்றும் சொல்லுவாள். வாங்கியவர்களைப் பற்றியும் சொல்லுவாள், வேறு குரலில். அதற்கும் முன்பே கார்கள் இந்தப் பகைக்குள் இழுபட்டிருந்தன: 1957 இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' ஏறியது. அடுத்த வருடம் வடக்கில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரில் மறைந்தன. அப்போதைய மொரிஸ் மைனர்களில் சில இன்னும் 'ஸ்ரீ' தகட்டோடு கொழும்பில் ஓடுகின்றன, நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் குரோம் பம்பரைத்தான் பார்க்கிறார்கள்.

அத்தானின் வாதத்தில் ஒன்றை மறுக்கமுடியாது. கம்பெனி உத்தரவாதம் இருந்தால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் லீசிங் தவணை நினைவுக்கு வந்து எழுப்பும். அதோடு புதுக் கார் வாங்கினால் நான் அதற்குக் காவல்காரனாகிவிடுவேன். வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே நிறுத்திவிட்டு மரக்கறிக்காரரோடு பேசும்போதும் கண் ஓட்டோக்களின் மேலேயே இருக்கும். அம்மாவைக் கிளினிக்குக்கும் கொச்சிக்கடைக் கோயிலுக்கும் கொண்டுபோக அவ்வளவு பதற்றம் தேவையில்லை. நான் பாவித்ததன் பக்கம் வந்துவிட்டேன். தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள், கனடாவுக்குப் போகிறவர்கள், அவர்களின் விட்ஸ் கார். பெடல் ரப்பரில் வரிகள் தெரிகின்றன. அடியில் படுத்தும் பார்த்தாயிற்று. பாஸ் படுத்தார், நான் டோர்ச் பிடித்தேன்.

"இன்னும் மூணு லட்சம் கொறச்சுக் கேளுங்க, போற அவசரத்துல குடுத்துருவாங்க" என்றார் எழும்பியபடி. கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். டயர் நாலும் மாற்றவேண்டும்; பஞ்சிகாவத்தையில் விலை கேட்டு வந்திருக்கிறேன். அதை மட்டும் கழித்துக் கேட்கப்போகிறேன். அத்தானிடம் சொன்னால் உமக்கு வியாபாரம் தெரியாது என்பார். அவர்களின் லீசிங் தீர்ந்த கடிதம் அடுத்த கிழமை வருகிறதாம். பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வாங்கும் ஓப்பன் பேப்பர் வேண்டாம், இரண்டு பேரும் நாரஹேன்பிட்டி வாகனப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெயரை மாற்றிவிடுவோம் என்று பேசிவைத்திருக்கிறோம்.