மறைத்துத் தரும் மருந்து

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றனோடு, உடனிருந்து மருந்து கொடுப்பவரையும் ஓர் உறுப்பாக வள்ளுவர் எண்ணியுள்ளார். வீட்டில் மகளோ மருமகளோ இப்பணியைச் செய்துவந்த காலத்தில் இந்த நான்காமவரைப் பற்றித் தனியே ஆராயும் தேவை எழவில்லை. முதியோர் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில் அத்தேவை எழுந்துள்ளது. மலேசியாவில் சமூகநல இலாகாவின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களும் உள்ளன. தனியார் இல்லங்களும் உள்ளன. 1993இல் பராமரிப்பு நிலையங்களுக்கென ஒரு சட்டமும், 2018இல் முதியோருக்கான தனியார் உடல்நலப் பராமரிப்பு நிலையங்களுக்கென மற்றொரு சட்டமும் இயற்றப்பெற்றன. ஆயினும் காலை எட்டு மணிக்கு மருந்துத் தட்டுடன் கட்டிலருகே நிற்கும் தாதியின் மனத்தில் எழும் வினாவுக்குச் சட்டநூல் மட்டும் விடையளித்துவிடாது.

உரியவருக்கு, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய வேளையில், உரிய வழியில் கொடுத்தல் வேண்டும் என்று தாதியர்க்குக் கற்பிப்பர். இவை ஐந்தும் பிழையின்றி அமைந்தபின்னும், மூதாட்டி வாயை இறுக மூடிக்கொண்டால் என் செய்வது? பல இல்லங்களில் எளிய வழியொன்று கைக்கொள்ளப்படுகிறது. மாத்திரையை இடித்துப் பொடியாக்கிக் கஞ்சியிலோ மைலோவிலோ கலந்து கொடுத்துவிடுவர். இது கருணையா, வஞ்சனையா?

முதலில் உடலுக்கு நேரும் கேட்டைக் காண்போம். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் நிஃபெடிபின் மாத்திரைகளுள், மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்டவை உண்டு. ஒரு நாள் முழுவதும் வெளிப்பட வேண்டிய மருந்து, இடித்தவுடன் ஒரே வேளையில் குருதியில் கலந்து, அழுத்தத்தைத் திடீரென வீழ்த்திவிடும். அன்பினால் இடித்தாலும் அவசரத்தால் இடித்தாலும் விளைவு ஒன்றே.

உள்ளத்திற்கு நேர்வது இதனினும் நுட்பமானது. அறிவு தெளிவாக உள்ள முதியவர் மருந்தை மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. உடலிலுள்ள மிகைநீரை இறக்கும் மாத்திரையை மாலையில் கொடுத்தால், அவர் இரவில் பலமுறை எழ நேரிடும், ஒவ்வொரு முறையும் அயலாரை அழைக்க வேண்டும், அழைக்க நாணுவார். அந்நாணத்தைச் சொல்ல இயலாமல் வாயை மூடிக்கொள்வார். வாய் திறவாத மாணவனைக் கண்ட ஆசிரியர்க்கு இது புதிதன்று. காரணத்தைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் கூறி, வேளையைக் காலைக்கு மாற்றினால் சிக்கல் தீரக்கூடும். கஞ்சியில் கலப்பவரோ அக்காரணத்தை என்றும் அறியப்போவதில்லை.

மறதிநோய் முற்றி, மாத்திரையை நஞ்சென்று அஞ்சுபவர் நிலை வேறு. குழந்தைக்குத் தாய் தேனில் குழைத்து ஊட்டவில்லையா என்பர். அவ்வுவமை முழுதும் பொருந்தாது. வளர்ந்தபின் காரணத்தை அறிந்து மகிழும் நாள் குழந்தைக்கு உண்டு. முதியவருக்கு அந்நாள் வாராது. கஞ்சி ஒருநாள் கசந்தால், உற்றார் பெயரும் மறந்த நிலையில் அவருக்கு எஞ்சியிருந்த உணவின் மீதான நம்பிக்கையும் போய்விடும். அதன்பின் பட்டினியே மிஞ்சும்.

எனினும், மறைத்துத் தருதலே கூடாது என விதித்தலும் கொடுமையாகலாம். வலிப்புநோய்க்கான மருந்து தடைப்பட்டால் உயிருக்கே இடர் நேரும். இங்கிலாந்தில் நைஸ் என்னும் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஓர் எல்லை வகுத்தது. முடிவெடுக்கும் திறன் ஒருவருக்கு இல்லையென மதிப்பிட்ட பின்னரே, மருத்துவர், மருந்தாளர், தாதி, குடும்பத்தார் முதலியோர் கலந்து முடிவு செய்து, அதனை எழுதி வைத்து, பின்னர் மறுபரிசீலனையும் செய்தல் வேண்டும். நோயாளி ஒருவருக்கு மறைக்கப்படுவது வேறெவருக்கும் மறைக்கப்படலாகாது என்பதே இதனால் பெறப்படுவது. சமையற்கட்டில் தனியொருவர் கரண்டியால் செய்யும் முடிவு இதனுள் அடங்காது.

மறைக்கப்படுவது எம்மருந்து என்பதும் எண்ணத்தக்கது. மறதிநோயால் இரவில் கூவி உலவும் முதியோரை அடக்க, மனநோய்க்குரிய மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. அவற்றுள் புதிய வகை மருந்துகள் இத்தகையோரிடத்து இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005இல் எச்சரித்தது. 2008இல் பழைய வகைகளுக்கும் அவ்வெச்சரிக்கையை விரித்தது. பிரிட்டனில் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் அளித்த அறிக்கை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 மறதிநோயாளர் இம்மருந்துகளைப் பெறுவதாகவும், அவற்றால் 1,800 அளவில் மிகை இறப்புகள் நேர்வதாகவும் மதிப்பிட்டது. முப்பது கட்டில்களுக்கு இரவில் ஒரே பணியாளர் என்றால், ஒருவர் கூவுவது யாருக்கு நோய்? பணியாளரை மட்டும் பழித்தல் அறமாகாது. குறைந்த கட்டணத்தைத் தேடி அலையும் பிள்ளைகளுக்கும் அந்த அமைதியில் பங்கு உண்டு.

ஞாயிறுதோறும் பழங்களோடு வரும் மகன், அறை தூய்மையாக உள்ளதா, அம்மா நன்றாக உறங்கினாரா என்று கேட்கிறான். மருந்துப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்பது அரிது. கேட்டால்தான், காட்டுவதற்கு அங்கே ஒரு பதிவேடு உள்ளதா என்பதே தெரியவரும்.