நர்ஸம்மாவின் பணிவிடை

அய்யா துணை

அய்யாவின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. முன்னே நிற்பவர் யாரோ, அவரே அதில் தெரிகிறார். இறைவனை உனக்குள்ளே காண் என்று அய்யா வைத்த ஏற்பாடு இது. நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் வந்து நின்றாலும் அதே கண்ணாடி அவனையும் காட்டும். அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

தென்தாமரைகுளம் வட்டாரத்தில் ஒரு தாய் யோசித்தார். ஊருக்கு அவர் நர்ஸம்மா. சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி சிரிஞ்சை வென்னீரில் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஒரு தடவை போட்டு எறியும் ஊசி வந்த பிறகு ஓய்வு பெற்றவர். இளவயதிலேயே கணவர் போய்விட்டார். தன் பிள்ளைகள் மூவர், தாயில்லாத மைத்துனர் பிள்ளைகள் இருவர். ஐந்து பேரும் வளர்ந்தது அந்த ஒரு சம்பளத்தில்.

இரவு டூட்டி முடிந்தால் நேரே தாங்கலுக்கு வரமாட்டார். கிணற்றில் தலைமுழுகி, துவைத்த சேலை உடுத்தி, நாமம் இட்டுத்தான் வருவார். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்து குளியும் துவையலுமாய் வாழ்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். “கை கழுவ எனக்கு ஆஸ்பத்திரியிலயா படிச்சுத் தந்தாவ? நம்ம பாட்டிமாரு அண்ணைக்கே படிச்சாச்சு” என்பார். டூட்டியால் கலிவேட்டை பார்க்க முடியாமல் போன வருடங்கள் பல. அந்தக் குறை அவருக்கு உண்டு.

ஓய்வு பெற்ற வருடம் அந்தச் சோதனை வந்தது. கணவரின் பெரியப்பா மகன், அடுத்த தோப்புக்காரர். தென்னந்தோப்பு வரப்பை வெட்டி உள்ளே தள்ளியவர். விதவை என்று பாராமல் கோர்ட்டுக்கு இழுத்தவர். பக்கவாதத்தில் விழுந்தார். மகன் வெளிநாட்டில், பார்க்க வயதான மனைவி மட்டும். புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாமல் முதுகடியில் புண் விழுந்துவிட்டது.

சேதி கேட்டதும் நர்ஸம்மா பையை எடுத்தார். மூத்த மகன் நடையை மறித்து நின்றார்.

“அம்மா, அவரு நமக்குச் செய்ததெல்லாம் மறந்துபோச்சா?”

“மறக்கல்ல மக்கா. புண்ணுக்கு வழக்குத் தெரியாது. நீ அந்தச் சருவத்தை எடு, வென்னி போடணும்.”

சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறையிருந்த அய்யா மக்களுக்குச் சொன்னது பொறுமை. சும்மா இருப்பதே பொறுமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தத் தாய்க்கு அது போதவில்லை.

படுக்கைப் புண்ணுக்கு மருந்தைவிட ஆள்தான் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும், ஈரம் தங்கக்கூடாது, குதிகாலையும் இடுப்பெலும்பையும் தினமும் பார்க்கவேண்டும். பகல் முழுக்க வரப்பைத் தாண்டிப் போய்வந்தார். ஒரு வாரத்தில் மருமகள் மத்தியான முறையை வாங்கிக்கொண்டார். பேத்தி கஞ்சி கொண்டுபோனாள். தூக்கிப் புரட்ட பலம் போதவில்லை என்று ஒரு ராத்திரி ஆள் வந்து கூப்பிட, மறித்து நின்ற மகனே எழுந்து போனார். அப்புறம் ராத்திரி முறை அவருடையது.

புண் ஆறியது. நன்றி சொல்ல அந்த மனிதருக்குப் பேச்சு வராது. வந்திருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்னவோ. எட்டு மாதம் கிடந்து கண்ணை மூடினார். வழக்கு மூடவில்லை, ஊர் திரும்பிய மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சில வருடம் கழித்து நர்ஸம்மாவும் அய்யாவின் பாதம் சேர்ந்தார். நெற்றியில் நாமம் இட்டு, வடக்கு நோக்கி இருத்தி, சிவசிவா அரகரா என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். வழக்காடும் அந்த மகன் வரப்பைத் தாண்டி வந்தார். மூன்று கைப்பிடி மண் போட்டார். யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார்.

அடுத்த வாய்தாவுக்கு இரண்டு வீட்டாரும் ஒரே பஸ்ஸில் நாகர்கோவில் போனார்கள். டிக்கெட் எடுத்தது அவர்.

அய்யா உண்டு.